நான்காவது மூலை

சான் பெத்ரோ சூலா.
திருப்பி அனுப்பப்பட்டு விமானத்திலிருந்து இறங்கியவர்களுக்கு
ஆளுக்கொரு பை:
சோப்பு, பல்துலக்கி, பஸ் காசு,
காவலில் உருவி வைத்த
அவரவர் ஷூ நாடா.

முகவரி? என்றேன்.
சமெலெகோன் ஆற்றங்கரை,
மாமரத்துக்கு எதிர்வீடு என்றான் நெக்தாலி.
மரம் நிற்கிறது என்றேன்.
மேலே அவன் கேட்கவில்லை.

மாலையில் கரைமேட்டில்
தார்ப்பாய் கொடுக்கும் வேலையும் எனக்குத்தான்.
பாய்க்கு நாலு கண். வந்த கயிறு மூன்று.
கணக்கெழுதியவர் எந்த ஊரோ.

அவன் தங்கை துல்சே ஒரு மூலையைப் பிடித்திருந்தாள்.
காற்று அவளையும் சேர்த்துத் தூக்கப் பார்த்தது.

குனிந்து வலதுகால் நாடாவை உருவினான்.
"தூக்குப் போட்டுக்கொள்வேன் என்று
பிடுங்கி வைத்தது இதைத்தான்."
பல்லால் இழுத்து இறுக்கினான் முடிச்சை.

அடுத்த பாய்க்கு நடக்கையில்
சேறு அவன் ஷூவைக் கேட்டது.
கொடுத்துவிட்டு வந்தான்.