ஏழாம் அறையில் விட்டுப்போனது

அறையைக் காலிசெய்கிறவர்கள் விட்டுப்போவது
பெரும்பாலும் ஒற்றைக் காலுறை, சார்ஜர்,
பாதி தீர்ந்த யூகலிப்டஸ் தைலம்.
அந்த ஜூலையில், நாயுடுபுரத்து எங்கள் லாட்ஜில்,
செருப்புப் பெட்டிக்குள் ஓர் ஆமை.
முதுகெல்லாம் மஞ்சள் நட்சத்திரம்.

பதிவேட்டில் இருந்த எண்ணுக்கு அழைத்தேன்.
உபயோகத்தில் இல்லை என்றாள்
எல்லோருக்கும் அதையே சொல்லும் பெண்.
முகவரி இல்லாமல் வந்ததால்
தபால் என்று பெயர் வைத்தேன்.

ஆமை என்றால் தண்ணீர் என்று
எனக்கு யார் சொன்னது?
வாளி நிறையப் பிடித்து உள்ளே விட்டேன்.
கல் மாதிரி அடிக்குப் போனது.
நாலு காலும் படிக்கட்டுத் தேடின.
ஃபிலோமினாதான் கைவிட்டு எடுத்தாள்.
‘இது நடக்குற சாதி. நீந்துற சாதி இல்ல’ என்றாள்,
சந்தையில் சுரைக்காய் பார்க்கிறவளாய் ஓட்டைத் தட்டியபடி.
தட்டியதும் தப்பு.
ஓடு சட்டை இல்லை, உடம்பு;
விரல் பட்டால் அதற்குத் தெரியும்.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்றார் முதலாளி,
மதுரையிலிருந்து, போனில்.
‘இது லாட்ஜுதானே சார்.’
சீசன் இல்லை, பதினோரு அறையும் காலி.
உருப்படாமல் போக ஒன்றும் மிச்சமில்லை.

பாலில் நனைத்த பன் கொடுத்தேன்.
மன்னவனூர் கேரட் கொடுத்தேன்.
பேரிக்காய் கொடுத்தேன், அதை
முகமெல்லாம் சாறு வழியத் தின்றது.
தின்றால் பிடித்திருக்கிறது,
பிடித்திருந்தால் நல்லது:
இரண்டு கணக்கும் நானே போட்டது.

ஏழாம் அறைக்குத் தரைவரை கண்ணாடி.
அதற்கு அப்பால் பள்ளத்தாக்கு
இருந்த நாளும் உண்டு, மேகம் அழித்த நாளும் உண்டு.
தபால் காலையிலிருந்து கண்ணாடிக்குள் நடந்தது.
மூக்கு முட்டும். ஒரு அடி நகரும். முட்டும்.
வெயில் காய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.
கண்ணாடி கடந்து வந்தது வெளிச்சம்;
வெயில் வெளியிலேயே நின்றுவிட்டது.

பிறகு நடக்கவில்லை.
ராத்திரி ஒன்பது டிகிரி,
நாங்கள் இரண்டு கம்பளிக்குள்.
‘குளிர்காலத் தூக்கம்’ என்று
பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகம்.
எந்த நாட்டு ஆமைக்கு என்று பாடத்தில் இருந்ததா, நினைவில்லை.
ஒன்பதாம் நாள் மூக்கில் குமிழி வந்தது.
மூச்சில், வாஷர் போன குக்கர் மாதிரி
ஒரு மெல்லிய விசில்.

‘தூங்குது டாக்டர்’ என்றேன்.
கால்நடை ஆஸ்பத்திரியில் அன்று நஸ்ரின் டாக்டர்.
‘தூங்கல. உறையுது.’
ஊசி போட்டாள், பல்பின் கீழ் வைத்தாள்,
மருந்துச் சீட்டு எழுதாமல்
வனத்துறைக்கு போன் போட்டாள்.
வீட்டில் வைக்கவே கூடாத உயிராம் இது.
எப்படி வைப்பது என்று
நான் கேட்க இருந்த கேள்வியெல்லாம்
வாயிலேயே கிடந்தது.

வனக்காவலர் சின்னாண்டி ஒரு படிவம் நீட்டினார்.
‘கொடுத்த உணவு’ என்ற இடத்தில்
பன் என்று எழுதக் கூச்சமாக இருந்தது.
கீரை என்று எழுதினேன்.
அரசாங்கத்திடம் நான் சொன்ன ஒரே பொய் அது.

கையெழுத்துக்கு வத்தலக்குண்டுவரை வரச் சொன்னார்கள்.
ஜீப்பில் பெட்டி என் மடியில்.
ஊத்தில் மழை.
டம் டம் பாறையில் காது அடைத்துத் திறந்தது.
ஸ்வெட்டரைக் கழற்றினேன்.
காட்ரோடு தாண்டி, புளியமரங்களுக்கு இடையே
வெயில் முதன்முறையாகக் காசு கேட்காமல் உள்ளே வந்தபோது
பெட்டிக்குள் நகம் கீறும் சத்தம்.
மூடியைத் திறந்தேன்.
கழுத்து வந்தது, வந்துகொண்டே இருந்தது,
அவ்வளவு நீளம் உள்ளே வைத்திருந்ததா!
என்னைப் பார்க்கவில்லை.
தூக்கினேன், பயந்து
என் பேன்ட் முழுக்க மூத்திரம் பெய்தது.
கடைசித் தப்பு அது.
சின்னாண்டி சிரித்தார், நானும்.

திரும்பும் பஸ்ஸில் பெருமாள்மலையில்
மறுபடி ஸ்வெட்டர் போட்டேன்.

ஏழாம் அறைக் கண்ணாடியில்
கணுக்கால் உயரத்துக்கு ஓர் அழுக்குக் கோடு.
ஃபிலோமினா துடைத்துக்கொண்டிருந்தாள்:
புதுசாக ஆள் வருகிறார்களாம், குடும்பம், இரண்டு ராத்திரி.
வந்தார்கள்.
சாவியைக் கொடுக்கும் முன்
அவர்கள் பெட்டிகளை எண்ணினேன்.