மீதி இரண்டு

ஒரு தட்டில் முப்பது முட்டை.
ஈசூன் ஈரச் சந்தையில் தட்டாக எடுத்தால்
ஒன்றுக்கு ஐந்து காசு குறையும் என்று
கண்டுபிடித்தவள் ரொஸ்னா.
நான்கு வீடு சேர்ந்தோம்.
ஏழேழாகப் பிரித்தால் இரண்டு மிஞ்சும்.

அந்த இரண்டை என்ன செய்வது என்று
முதல் ஞாயிறு, மின்தூக்கி வாசலில்
கால் மணி நேரம் பேசினோம்.
வாரம் ஒரு வீட்டுக்கு என்றார் கோ.
சீட்டுக் குலுக்கலாம் என்றாள் செண்பகவல்லி.
ரொஸ்னா ஒன்றும் சொல்லவில்லை.
பிரித்துக் கட்டுகிறவள் அவள்தான்.
பிறகு யாரும் கேட்கவுமில்லை.

மார்ச்சில் எனக்கு ஆட்குறைப்புக் கடிதம்.
பதினாறு வருடம்
சத்தத்தை வைத்தே நோவு கண்டுபிடித்த இயந்திரங்களை
லாரியில் ஜொகூருக்கு ஏற்றினார்கள்.
என்னை ஏற்றவில்லை.
மனைவியிடம் முழுசாகச் சொன்னேன்,
மகளிடம் பாதி.
புளோக்கில் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

சிக்கனம் நாற்பத்தெட்டு வயதில் கற்கிற பாடமா?
இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கி நடந்தால்
பத்துக் காசு.
ஒன்பது மணிக்கு மேல் ரொட்டிக்கடையில்
பாதி விலை ஒட்டுவார்கள்.
எட்டு ஐம்பதுக்கே போய் நிற்கக் கூச்சம்.
எதிரே சாவி செய்கிறவன் கடையில்
இல்லாத பூட்டுக்குச் சாவி பார்த்துக்கொண்டு நிற்பேன்.
மகளின் கணக்கு டியூஷனை நிறுத்தினோம்.
சதவிகிதம் நானே சொல்லிக்கொடுத்தேன்,
போன மாத மின்கட்டணத்தையும்
இந்த மாதத்தையும் மேசையில் வைத்து.
ஏர்கானை அணைத்துவிட்டிருந்தோம்.

ரொஸ்னா எனக்கு நேர் கீழ்வீடு.
நான்கு வருடமாக ஒரே புகார் அவளுக்கு:
உங்கள் ஏர்கான் தண்ணீர் என் துணியில் சொட்டுகிறது.
மூங்கில் கழியில் கோத்துக் காயப்போட்ட
அவள் புருஷனின் வெள்ளைச் சட்டையை
மேலே கொண்டுவந்து, கறையைக் காட்டி,
நகர மன்றத்துக்கு எழுதுவேன் என்று
மிரட்டியும் இருக்கிறாள்.

ஏப்ரல், இரண்டாம் ஞாயிறு.
என் பையில் ஒன்பது முட்டை.

எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.
கை தவறியிருக்கும் என்று
இரண்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.
கம்பிக்கதவைத் திறக்காமலே
ஈரக்கையைத் துடைத்தபடி
மலாயில் சொன்னாள்:
"ரெண்டு வாரமா என் துணியில சொட்டு விழல."

அவ்வளவுதான்.
எனக்கு நன்றி என்ற சொல் எந்த மொழியிலும் வரவில்லை.
"மழை இல்லையே, அதான்" என்றேன்.
"ஆமாம், மழையே இல்லை" என்றாள்.
அவள் முதுகுக்குப் பின்னால், சன்னலில்,
கொட்டிக்கொண்டிருந்தது.

அப்புறம் செண்பகவல்லிக்குத் திடீரென்று
அளவு மறந்துபோனது.
வாரம் மூன்று நாள்
குழம்பு கூடிப்போய்விடும்.
"வீணாகுதேன்னு கொண்டாந்தேன்" என்று
சட்டியைத் தந்துவிட்டு
பதிலுக்கு நிற்காமல் போய்விடுவாள்.
சட்டியைக் கழுவித் திருப்பும்போது
உள்ளே போட ஒன்றுமில்லாமல்
நாலு கறிவேப்பிலைக் கொத்து வைப்பாள் என் மனைவி,
தாழ்வாரத் தொட்டியில் பறித்தது.

செனோக்கோவில் ஒரு கிடங்குக்கு
இரவுக் காவலாளி தேடுகிறார்கள் என்று
துப்புக் கொண்டுவந்தவர் கோ.
தன் டாக்சியில், மீட்டரைப் போடாமல்,
நேர்முகத்துக்கு என்னை இறக்கிவிட்டார்.
"அந்தப் பக்கம்தான் போறேன்" என்றார்.
அந்தப் பக்கம் அவருக்கு ஒரு வேலையும் இல்லை,
எனக்குத் தெரியும்.
பழைய சம்பளத்தில் பாதிதான்.
கையெழுத்துப் போடும்போது
பேனா நடுங்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு
பையில் ஏழே ஏழு முட்டை.
மின்தூக்கி காலியாக நின்றும்
பதக்கம் வாங்கியவன்போலப் படியேறினேன்.

அந்த இரண்டு யார் வீட்டுக்குப் போனது என்று
பார்க்கக் கூடாது.
பார்த்தேன்.
கோவின் டாக்சி நான்கு நாளாக
அதே கட்டத்துக்குள் நிற்கிறது,
முன்கண்ணாடி முழுக்க மழைமரத்து இலை.

அன்றைக்கு எங்கள் வீட்டிலும்
குழம்பு கூடிப்போனது.