பதினேழாவது கல்

அல்மெத்யெவ்ஸ்கில் பிப்ரவரி.
பூஜ்ஜியத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
பேருந்து நிறுத்தத்தில் யாரும் வாய் திறப்பதில்லை,
பல் கூசும்.
உள்ளே வந்து கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு
நாங்கள் குளிர் காய்ச்சத் தொடங்குகிறோம்.

"வெளியே இருப்பது போதாதா, இல்சியார்?"
வாயிற்காவலர் கப்திராஷித் தினமும் கேட்பார்.
போதாது.
எங்களுக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு வேண்டும்.

கருவி என்றதும் பெரிதாக எதையும் நினைக்கவேண்டாம்.
ஓர் எஃகுப் பெட்டி,
மூன்று திசையிலும் எண்ணெய் அழுத்தும் தண்டுகள்,
நடுவே ஒரு சாண் கனசதுரமாய்க் கறுத்த கல்.
சரிவில் வெட்டி எடுத்தது, வெயில் பார்த்தது.
மேலிருந்து இவ்வளவு, பக்கங்களில் இவ்வளவு என்று நெருக்கி
நாற்பது டிகிரிக்குச் சுடவைத்து
நீ ஆயிரத்தெழுநூறு மீட்டர் ஆழத்தில் இருக்கிறாய் என்று
அதை நம்பவைக்க
ஒரு முழு முற்பகல் ஆகும்.

நம்பிய பிறகு
அதன் நடுத்துளையில் திரவ நைட்ரஜன்.
தண்ணீர் இல்லாமல் பாறை பிளப்பது,
திட்ட அறிக்கையில் அப்படித்தான் இருக்கிறது.
முதலில் அது கல்லைத் தொடவே தொடாது.
காய்ந்த சட்டியில் தெளித்த துளிபோல
தன் ஆவியின்மேல் தானே ஏறி நின்று துள்ளும்.
பிறகு தொடும்.
துளையின் சுவர் சுருங்கப் பார்க்கும்,
சுற்றியுள்ள கல் விடாது.
சுருங்கச் சொன்னால் இதுதான்:
சுருங்க இடமில்லாதது
கிழியும்.

பதினேழாவது கல் கிழியவில்லை.
அதன் முதுகில் ஒட்டியிருந்த எட்டு ஒலியுணரிகளும்
ஒன்றும் கேட்கவில்லை.
திரையில் கோடு, தரைபோல் கிடந்தது.
அழுத்தத்தைக் கூட்டச் சொன்னார் வாகிஸ் மிங்காஸொவிச்.
கூட்டினேன்.

உடைந்தது வால்வு.
சரியாகச் சொன்னால் வால்வின் ஒரே ஒரு போல்ட்,
துருப்பிடிக்காத எஃகு தீர்ந்துபோய்
ஃபானிஸ் சந்தையில் வாங்கிவந்து மாட்டியது.
எது கல், எது நம் சாமான்
என்று குளிருக்கு யார் சொல்லிக் கொடுப்பது.

வெள்ளைப் புகை முழங்காலுக்கு ஏறியது.
மணமில்லை, நிறமில்லை,
மூச்சுக்கு வேண்டியதை மட்டும் ஓசையில்லாமல் வெளியே தள்ளும்.
ஆக்ஸிஜன் மணி அலறியது.
நடைவழிக்கு ஓடினோம், கோட்டில்லாமல்.
வெளிப்புறமாகப் போய்
ஃபானிஸ் சன்னலை உடைத்தான்.
முப்பத்தொன்று உள்ளே நுழைந்தது.
அன்று மாலைவரை
அந்தக் குழாய்களுக்கு வெதுவெதுப்பூட்டிக் கொண்டிருந்தது
பிப்ரவரிதான்.

"பதினேழு: தோல்வி. காரணம்: போல்ட்"
என்று எழுதிக் கையெழுத்திட்டார் வாகிஸ்.
நான் விளக்கை அணைத்தேன், பூட்டினேன்,
பதிவுக் கருவியை மட்டும் அணைக்க மறந்தேன்.

காலையில் பார்த்தால்
இரவு இரண்டு பதினேழுக்கு ஆரம்பித்து
நாற்பத்து மூன்று சிறு ஒலிகள்.
யாரும் ஊற்றாதபோது,
யாரும் கூட்டாதபோது,
கல் தன் சூட்டுக்குத் திரும்பிவரும் வழியில்.

சிவப்புச் சாயம் விட்டு அறுத்தோம்.
துளையிலிருந்து மயிரிழைபோல் ஒரு கோடு
நேராகக் கிளம்பி,
நகக்கண் அளவு ஒரு பழங்காலச் சிப்பியிடம் வந்ததும்
ஒதுங்கி, சுற்றி,
மறுபடி தன் வழியைப் பிடித்திருந்தது.
வாகிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"தோல்வி" என்றதை அடிக்கவில்லை.
"பின்னால் நடந்தது" என்பதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.
ஓரத்தில் நான் பென்சிலால் எழுதினேன்: 02:17. நாற்பத்து மூன்று.

போல்ட்டின் பாதி
தேநீர் மேசையில் இருக்கிறது.
உடைந்த முகம் சர்க்கரைக் கட்டிபோல் மின்னுகிறது,
போன வாரம் ஃபானிஸ் பேச்சு வாக்கில்
அதைக் கோப்பையில் போடப் போனான்.

சன்னலில் இப்போதைக்கு அட்டை.
பதினெட்டாவது கல் சூடாகிக்கொண்டிருக்கிறது.
"இன்றைக்காவது போதுமா?" என்றார் கப்திராஷித்.
கையுறையைப் பல்லால் கடித்து இழுத்தபடி
தலையை மட்டும் ஆட்டினேன்,
ஆம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளும்படி.