நூற்று முப்பது

பென்னாகரம் வண்டியில்
முன்படிக் கம்பியருகே கறுப்புக் கோடு.
பிள்ளைகளை அதில் நிறுத்தி
முழு டிக்கெட் கிழிப்பது என் பிழைப்பு.
சண்டைக்கு வரும் தாய்களிடம்
"கோடு பொய் சொல்லாதும்மா" என்பேன்.

மாதேசுக்குப் பன்னிரண்டு முடிந்தபோது
கோட்டுக்குப் பதினேழு சென்டிமீட்டர் கீழே.

வளர்ச்சி ஊசி இருப்பது
எதிர்க்கடை ஃபிரிட்ஜில்,
சோடாவுக்கும் மோர்ப் பாக்கெட்டுக்கும் நடுவே.
ஷட்டர் இறங்குமுன்
வாங்கி, போட்டு, திருப்பி வைக்கணும்.
நேற்று வலது தொடை, இன்று இடது.
"எண்ணுப்பா" என்பான்.
பத்து வரை எண்ணுவேன்,
வண்டியில் தலை எண்ணும் குரலில்.

பதினான்கு மாதம்.
இன்று டிப்போவில், காலி வண்டியில்,
அவனாகவே ஏறிக் கோட்டோடு நின்றான்.

இன்னும் ஆறு இருக்கிறதாம்.
நான் கோட்டைப் பார்க்கவில்லை.
பள்ளிக் கால்சட்டை விளிம்புக்குக் கீழே
வெயில் படாத கணுக்கால்,
வெளுப்பாய்,
இரண்டு விரற்கடை.