மாசி வீதியில் மாசி

கீழமாசி வீதியில் போய்
மாசிக் கருவாடு கேட்டேன்.
இந்த ஊரில் பிறந்து நாற்பத்திரண்டு வருஷம்,
ரெண்டும் ஒரே சொல் என்று
அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.
கடைக்காரர் சிரிக்கவில்லை.
விறகுக் கட்டை போல ஒன்றை எடுத்து
தராசில் டொக்கென்று வைத்தார்.
"சம்பலுக்கா?"
"ஜப்பான் ரசத்துக்கு."
"முந்நூத்தி எண்பது."

அமலி போய் ஏழு மாதம்.
சென்டாய் பக்கம் ஒரு முதியோர் இல்லம்.
குளிப்பாட்டுகிறாள், நகம் வெட்டுகிறாள்,
அந்த மொழியில் "வலிக்குதா" என்று கேட்க
நாலு விதம் இருக்கிறதாம்.
ஊருக்கு வந்த கொச்சிக்காரப் பெண்ணிடம்
மிசோ ஒரு பொட்டலம், கடற்பாசித் தாள் பத்து,
செலினுக்குப் பென்சில் டப்பா கொடுத்துவிட்டிருந்தாள்.
எனக்கென்று தனியாக எதுவும் எழுதவில்லை.
மிசோவை எனக்கென்று எடுத்துக்கொண்டேன்.

அரிவாள்மனைக்கு அசையவில்லை மாசி.
மாடி வீட்டு ஆசாரியிடம்
இழைப்புளி இரவல் வாங்கினேன்.
"மரம் எங்க?" என்று கூடவே இறங்கி வந்தார்,
பார்த்தார்,
அவரே உட்கார்ந்து இழைத்துக் கொடுத்தார்.
சுருள் சுருளாய் விழுந்தது
கருவாடு,
வெங்காயத் தோல் நிறத்தில்,
ஊதினால் பறக்கும் கனத்தில்.

வெந்நீரில் இரண்டு நிமிஷம். கொதிக்க விடாதே.
வடிகட்டு. முள்ளங்கி வேகட்டும்.
அடுப்பை அணைத்த பிறகே
மிசோவைக் கரண்டியில் வைத்துக் கரை.
பெருங்காய டப்பாவுக்குப் போன என் கை
பாதி வழியில் திரும்பியது.
முட்டையை அடித்து அதே நீர் விட்டு
நாலு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி
இட்லிக் கொப்பரைக்குள் இறக்கினேன்.
செலின் ஸ்பூனால் தட்டிப் பார்த்தாள்.
"ஆடுதுப்பா. சீனி போட மறந்துட்டியா?"

இங்கே ஏழு மணி, அங்கே பத்தரை.
போனைக் கிண்ணத்துக்கு மேல் பிடித்தேன்.
அமலி கொஞ்ச நேரம் பேசவில்லை.
"இதெல்லாம் யாரு சாப்பிடுறது?"
"நீதான்."
"நானா!
காலைல ஆறரை வண்டிக்கு ஓடுறப்ப
ஸ்டேஷன் கடையில ஒரு சோத்து உருண்டை.
நின்னுக்கிட்டே. உக்காந்தா வண்டி போயிரும்."
"அப்ப மிசோ?"
"கூட இருக்கிற வியட்நாம் பொண்ணு வைப்பா.
எனக்கு அந்த வாடை சேரல.
ஏதாச்சும் அனுப்பணும்ல, அனுப்புனேன்."

செலின்தான் முதலில் சிரித்தாள்.
எனக்குக் கொஞ்சம் தாமதமாக வந்தது.
ரசத்தை மூன்று பேர் குடித்தோம், ஆசாரியும் சேர்த்து.
முள்ளங்கி நன்றாகவே இருந்தது,
அதைச் சொல்லியாக வேண்டும்.

மறுநாள் ரேஷன் பச்சரிசி.
ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்,
அதற்காகவே இத்தனை நாள்
அவளிடம் ஏச்சு வாங்கிய அரிசி.
உள்ளங்கையில் தண்ணீர், அதன் மேல் உப்பு,
நடுவில் உப்பு நார்த்தங்காய் ஒரு துண்டு.
முக்கோணம் வரவில்லை.
பிடிக்கப் பிடிக்கக் கொழுக்கட்டையாகவே வந்தது,
விரல் தடத்தோடு.
பாசித் தாளைச் சுற்றி டிபன் பாக்ஸில் வைத்து,
செலினை மாடி வீட்டில் தூங்க விட்டு,
கப்பலூருக்கு வண்டியை எடுத்தேன்.

ரப்பர் வாடை, அச்சு இயந்திரத்தின் சூடு,
ஆயிரத்து நூறு வாஷர்.
மூன்று மணிக்கு இடைவேளை.
இருளப்பன் எட்டிப் பார்த்தான்.
"கார்பன் பேப்பர்ல எதுக்குண்ணே சோறு?"
பாதியைப் பிய்த்துக் கொடுத்தேன்.
மென்றான். முகத்தைச் சுளித்தான். மறுபடி மென்றான்.
"நார்த்தங்கா நல்லாருக்கு" என்றான்.
"பேப்பரை உரிச்சிட்டுத் திங்கலாம்ல?"

மூன்று என்றால் அங்கே ஆறரை.
நாற்காலியை அவன் பக்கம் தள்ளிவிட்டு
என் பாதியை
நின்றுகொண்டே தின்றேன்.