நாற்பத்தொரு வினாடி

முகூர்த்தம் இல்லாத மாதத்தில்
காவல் நிலையம்தான் எனக்குக் கஞ்சி ஊற்றுகிறது.
நாளுக்கு ஆயிரத்து இருநூறு, பில் பாஸாக ஆறு மாதம்.
மறியல், உண்ணாவிரதம், சிலைக்கு மாலை, சாமி ஊர்வலம்
எல்லாம் எடுக்க வேண்டும்.
முகம் விழணும்யா, முகம், என்பார் எஸ்.ஐ.
கல்யாண வீட்டிலும் இதையேதான் சொல்வார்கள்.

புரட்டாசிக் கடைசி.
கொள்முதல் நிலைய வாசலில் பதினெட்டு நாள் நனைந்த குறுவை
சாக்குக்குள்ளேயே முளைத்துவிட்டது.
ஈரப்பதம் இருபத்திரண்டு, எடுக்க முடியாது என்றானாம்.
முளைத்த மூட்டைகளோடு
தஞ்சாவூர் ஆற்றுப்பாலத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள்
முந்நூறு பேர்.

கார்டில் இருக்கிறது, பாருங்கள்:
10.52க்கு ஓர் ஆம்புலன்ஸ்.
தையல்நாயகி எழுந்து, முந்தானையைச் செருகி,
கூட்டத்தைக் கையாலேயே பிளந்து வழி விடுகிறாள்.
திருவையாற்றில் அவள் கல்யாணத்தை எடுத்தவன் நான்,
தாலி கட்டும்போது கரண்டு போனது.
என்னைக் கண்டதும் சிரித்தாள், நேராக லென்ஸைப் பார்த்து.
அந்தச் சிரிப்பை நிறுத்திப் பெரிதாக்கி
'எதிரி எண் ஒன்று' என்று எழுதிக்கொண்டார்கள்.

11.17.20க்குப் பேட்டரி தீர்ந்தது.
மாற்றி முடித்தபோது 11.18.01.

இந்தக் கரையில்
உட்கார்ந்திருக்கும் முதுகுகள், வெயில்,
நெல்முளையைக் கடித்துத் துப்பும் ஒரு குழந்தை.
அந்தக் கரையில்
ஓடும் கால்கள், பேருந்துக் கண்ணாடித் தூள்,
வலது காதைப் பொத்தியபடி மரியசூசை,
விரலிடுக்கில் ரத்தம்.

நடுவில் இருப்பதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள்.
கல்தான் முதலில் வந்தது என்கிறது முதல் தகவல் அறிக்கை.
தடிதான் முதலில் என்கிறார் வக்கீல் ஜமீலா.
பேட்டரியா, என்றார் டி.எஸ்.பி.
பரவாயில்லை, நல்லதுக்குத்தான்,
என் தோளில் தட்டிக்கொடுத்தார்.
அந்தத் தட்டு இன்னும் வலிக்கிறது.

கை பையைத் துழாவிக்கொண்டிருந்தது, உண்மை.
கண் துழாவவில்லை.

ஒரு சாக்கு கிழிந்தது. நெல் தார்ரோட்டில் சரிந்தது.
விடியற்காலை நாலு மணியிலிருந்து நின்ற
கான்ஸ்டபிள் இளவழகனின் பூட்ஸ் அதில் வழுக்கியது.
மல்லாக்க விழுந்தான், சத்தம் கேட்டது.
தூக்கிவிட மரியசூசை குனிந்து கை நீட்டினார்.
பின்னால் நின்றவர்களுக்கு
விழுந்த சட்டையும் நீண்ட கையும்தான் தெரிந்தன.
விசில்.
முதல் அடி காதில்.
கல் அப்புறம் வந்தது. வந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.
கண்ணாடி உடைந்ததும்
அடிக்க ஒரு காரணம் கிடைத்ததுபோல் அடித்தார்கள்,
எறிய ஒரு காரணம் கிடைத்ததுபோல் எறிந்தார்கள்.

'கல்லால் தாக்கப்பட்டு விழுந்தேன்.'
இளவழகன் கையெழுத்து.
'பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தேன்.'
என் கையெழுத்து.
இரண்டில் என்னுடையது பொய்யில்லை.
அதுதான் தூங்கவிடுவதில்லை.

தையல்நாயகி திருச்சி ஜெயிலில்.
மரியசூசையோடு பேசுவதென்றால்
இடது பக்கமாகப் போய் நிற்க வேண்டும்.
பாலத்தோரம் கொட்டிய நெல்லை நகராட்சி வாரியது போக
நடுச்சுவர் இடுக்கில் நாலைந்து பச்சையாய் நின்றன,
அடுத்த வாரம் சுண்ணாம்பு அடித்தார்கள்.

நேற்று கடை சாத்தும் நேரத்தில் இளவழகன் வந்தான்.
மஃப்டி. முழங்கையில் கட்டு.
தை ஏழாம் தேதி, பாபநாசத்தில் கல்யாணமாம்.
ஆல்பம் புரட்டினான், ஒரு பக்கத்தையும் பார்க்கவில்லை.
நம்ம வீட்டு நெல்லும் முளைச்சுப்போச்சுண்ணே, என்றான்,
நான் கேட்காமலே.
முன்பணம் ஐயாயிரம் எண்ணி வைத்தான்.
ரசீது எழுதினேன். பெயர் கேட்கவில்லை.
படியிறங்கியவன் திரும்பினான்:

அண்ணே,
பேட்டரி ரெண்டா எடுத்துட்டு வாங்க.

விசாரணை அதற்கு முந்தின புதன்கிழமை.
சம்மன் கல்லாப்பெட்டிக்கு அடியில் கிடக்கிறது.
சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்துவிட்டது,
இன்னும் பிடுங்கவில்லை.