அரை மாத்திரை

தங்கச்சிமடத்தில் ஃப்ளெக்ஸ் கடை எனக்கு.
கண்ணீர் அஞ்சலி, காதணி விழா, படகு விற்பனைக்கு.
ஒரு புள்ளி விட்டுப்போனால் ஊரே சிரிக்கும்.

மூன்று மாதமாக மௌஸைப் பிடித்தபடி
சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.
விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு,
யாரோ கதவைத் தட்டியதுபோல.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்:
"நீங்க வயித்துல இருந்தப்ப அம்மா எப்படி இருந்தாங்க?"

ஜெட்டியில் இருந்தாள்.
அப்பா அக்கரைச் சிறையில், ஏழு மாதம்.
எந்த இன்ஜின் சத்தத்துக்கும் எழுந்து ஓடுவாளாம்
அதே மூன்று மணிக்கு.

மரபணுவில் எழுத்து மாறுவதில்லை என்றார்.
பயம் சில எழுத்துகளின் தலையில்
ஏறி உட்கார்ந்துகொள்ளும், அவை வாயடைத்துப்போகும்.
"உங்களுக்கும் அப்படியான்னு உறுதியா சொல்ல முடியாது."

க, க் ஆகிற மாதிரியா, என்றேன்.
எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

பாம்பன் பாலத்தில் பஸ் ஊர்ந்தது.
மெய்யோடு உயிர் சேர்ந்தால் புள்ளி போய்விடும்,
மூன்றாம் வகுப்பில் பிலோமினா டீச்சர் சொன்னது.
எந்த நிறுத்தத்தில் ஏறும் அது?

சீட்டில் இருப்பது: இரவு, அரை மாத்திரை.
மெய்யெழுத்துக்கும் அதே அளவுதான்.

அம்மா பிளேடால் நறுக்கித் தருகிறாள்.
மிச்சப் பாதியை
உள்ளங்கையிலேயே வைத்திருக்கிறாள்,
வெகு நேரம்.